பள்ளிக்கூடம் நிறைந்தது, பாடம் ஏறவில்லை: தான்சானியாவை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "ஆப்பிரிக்க நாடுகளுக்கு இத்தனை வருஷமாக உதவிப் பணம் போகிறது, பள்ளிகளும் கட்டுகிறார்கள், ஆனாலும் கல்வி ஏன் முன்னேறவில்லை? பிள்ளைகளைப் படிக்க வைத்தால் வளர்ச்சி தன்னால் வரும் என்கிறார்களே, அங்கே ஏன் வரவில்லை? ஊழல்தானே காரணம்?"

ஊழல் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொன்னால் விஷயம் பாதியில் நின்றுவிடும், ஏனென்றால் நேர்மையான தலைவர் ஆண்ட நாட்டிலும் இதே முட்டுக்கட்டை வந்திருக்கிறது. அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு பேசுகிறேன், தான்சானியா. 54 நாடுகளை மொத்தமாகச் சேர்த்து 'ஆப்பிரிக்கா' என்று பேசினால், வைரம் விற்ற பணத்தைப் பள்ளிக்கூடத்தில் போட்ட போட்ஸ்வானாவும், ஆயுதக் குழுக்களுக்குப் பயந்து ஆயிரக்கணக்கில் பள்ளிகளை மூடிய புர்கினா ஃபாசோவும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிடும். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தான்சானியாவை எடுக்க இன்னொரு காரணம், அங்கே வழக்கமான சாக்குகள் எதுவும் செல்லாது. உள்நாட்டுப் போர் இல்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்ததில்லை. முதல் அதிபர் ஜூலியஸ் நியெரேரே பள்ளிக்கூட வாத்தியார், தார் எஸ் சலாம் பக்கத்தில் புகு என்ற ஊரில் பாடம் நடத்தியவர், பதவியை விட்டு இறங்கும்போது கோடிகளோடு போனவர் இல்லை. கல்வியை இவ்வளவு சீக்கிரமாகவும் இவ்வளவு தீவிரமாகவும் பிடித்த நாடு அந்தக் கண்டத்தில் குறைவு.

1967இல் சோஷலிசப் பாதையை அறிவித்த அருஷா பிரகடனம் வந்தது, கூடவே தற்சார்புக் கல்வி என்று ஒரு கொள்கை. நியெரேரேவின் புகார் எளிமையானது: வெள்ளைக்காரன் விட்டுப்போன பள்ளிக்கூடம் நூறு பிள்ளைகளை உள்ளே விட்டு, நாலு பேரை குமாஸ்தாவாக்கி, மீதிப் பேரைத் தோற்றுப்போனவர்கள் என்று முத்திரை குத்தி ஊருக்கு அனுப்புகிறது. கிராமத்தில்தான் எல்லோரும் வாழப்போகிறார்கள், அப்படியானால் பள்ளி அதற்குத் தயார் செய்ய வேண்டாமா என்று கேட்டார். 1969இல் மிஷன் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. காபித் தோட்டமும் மிஷன் பள்ளியும் இருந்த கிளிமஞ்சாரோ, புகோபா பக்கம் மட்டும் படித்தவர்கள் குவிந்திருந்தார்கள், மற்ற மாவட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. இதைச் சமன் செய்யாமல் நாடு என்று ஒன்று உருவாகாது என்று அவர் நினைத்தார். அது சரியான கணிப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

1974இல் முசோமா என்ற ஊரில் கூடிய கட்சிக் கூட்டம், மூன்றே வருஷத்தில் 1977க்குள் எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. சரி, ஆசிரியருக்கு எங்கே போவது? இதே காலத்தில் நைஜீரியாவும் 1976இல் எல்லோருக்கும் ஆரம்பக் கல்வி என்று அறிவித்தது, ஆனால் அவர்களிடம் எண்ணெய்ப் பணம் இருந்தது, வெளிநாட்டிலிருந்து ஆசிரியர்களை எடுத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கணக்கு வாத்தியார்களும் அறிவியல் வாத்தியார்களும் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் போனது இந்த அலையில்தான், உங்கள் குடும்பத்திலேயே ஒரு பெரியப்பாவோ மாமாவோ போயிருக்கக்கூடும். 1980களில் எண்ணெய் விலை விழுந்ததும் நைஜீரியாவுக்குப் போனவர்களில் பலர் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினார்கள். தான்சானியாவிடம் எண்ணெயும் இல்லை, வெளிநாட்டு ஆசிரியருக்கு டாலரில் சம்பளமும் இல்லை. என்ன செய்தார்கள் என்றால், ஏழாம் வகுப்பு முடித்த இளைஞர்களையே எடுத்து, அஞ்சல் பாடம், வானொலிப் பாடம், ஊரிலேயே வகுப்பெடுத்துக்கொண்டே பயிற்சி என்று சுமார் 45,000 பேரை ஆசிரியர்களாக்கினார்கள். கூடவே முதியோர் எழுத்தறிவு இயக்கம். 1980களின் தொடக்கத்தில் பள்ளிச் சேர்க்கை 90 சதவீதத்தைத் தாண்டியது. அந்த வருமானத்தில் இருந்த ஒரு நாட்டுக்கு இது அசாத்தியமான சாதனை, உலகமே புகழ்ந்தது.

இங்கேதான் உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி வருகிறது. கல்வி வந்தது, வளர்ச்சி வரவில்லை. வளர்ச்சி வராதது மட்டுமில்லை, வளர்ச்சி இல்லாததால் வந்த கல்வியும் போய்விட்டது.

எப்படிப் போனது? எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழுந்தது. 1973லும் 1979லும் எண்ணெய் விலையேற்றம். 1977இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் உடைந்தது, ரயில்வே, விமானம், துறைமுகம் என்று கூட்டாக நடத்திய எல்லாவற்றையும் தனியாக நடத்தவேண்டி வந்தது. 1978-79இல் உகாண்டாவின் இடி அமீனோடு போர், ஜெயித்தார்கள், ஆனால் செலவு கஜானாவைத் துடைத்துவிட்டது. காபி, சைசல் நார் விலை இறங்கியது. இதெல்லாம் வெளியிலிருந்து வந்த அடி. உள்ளே அவர்களே இழுத்துவிட்டுக்கொண்டதும் உண்டு: கிராம மக்களை லட்சக்கணக்கில், பல இடங்களில் பலவந்தமாக, உஜாமா என்ற கூட்டு வாழ்க்கைக் கிராமங்களுக்கு இடம் மாற்றியதில் விவசாயம் குலைந்தது, விளைச்சலை வாங்கிய அரசு நிறுவனங்கள் விவசாயிக்குச் சரியான விலையும் கொடுக்கவில்லை. நியெரேரேவின் ரசிகர்கள் இந்த இரண்டாவது பட்டியலைச் சொல்ல மாட்டார்கள், ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) ரசிகர்கள் முதல் பட்டியலைச் சொல்ல மாட்டார்கள்.

ஐ.எம்.எஃப். எப்போதிலிருந்து உலகத்துக்கே நிதி அமைச்சகம் ஆனது என்று நியெரேரே கேட்டது பிரபலம். அதன் கடன் நிபந்தனைகளுக்கு வருஷக்கணக்கில் கையெழுத்துப் போட மறுத்தார். 1985இல் அவர் பதவி விலகினார், அடுத்து வந்த அலி ஹசன் ம்வின்யி 1986இல் கையெழுத்துப் போட்டார். அரசுச் செலவு வெட்டப்பட்டது. பள்ளிக்குக் கட்டணமும், 'பங்களிப்பு' என்ற பெயரில் பல வசூல்களும் திரும்பி வந்தன. 1990களில் சேர்க்கை 80 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஐ.எம்.எஃப். வருவதற்கு முன்பே பள்ளிகளில் புத்தகமும் இல்லை, சாக்பீஸும் இல்லை, ஆசிரியர் சம்பளம் விலைவாசியில் கரைந்து போயிருந்தது. எரிந்துகொண்டிருந்த வீட்டுக்கு வந்து தண்ணீர்க் கட்டணம் கேட்டது ஐ.எம்.எஃப். என்று வேண்டுமானால் சொல்லலாம், தீ வைத்தது என்று சொல்ல முடியாது.

அப்புறம் இரண்டாவது சுற்று. 2001இல் தான்சானியாவுக்குக் கடன் தள்ளுபடி கிடைத்தது, ஆரம்பக் கல்விக் கட்டணத்தை நீக்கினார்கள். 2000இல் ஆரம்பப் பள்ளிகளில் இருந்தவர்கள் சுமார் 44 லட்சம், 2007க்குள் 80 லட்சத்தைத் தாண்டியது. ஏழு வருஷத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! ஏழாவது முடித்த இவ்வளவு பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்ற நெருக்கடியில், ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு உயர்நிலைப் பள்ளி என்று ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். கட்டடம் வந்தது. ஆசிரியர்? திரும்பவும் அவசரப் பயிற்சி, சில வாரம் பாடம் நடத்தி அனுப்பினார்கள். ஊரில் அவர்களுக்கு 'வோடா ஃபாஸ்டா' என்று பெயர் வைத்தார்கள், செல்போனுக்கு சட்டென்று பணம் ஏற்றும் ஒரு சேவையின் பெயர் அது. கிண்டலில் தான்சானியர்களை மிஞ்ச ஆள் கிடையாது. காசுள்ளவர்கள் பிள்ளைகளை செயின்ட் மேரீஸ், செயின்ட் அந்தோணி என்று தனியார் பள்ளிகளுக்கு அனுப்புவதைப் பார்த்து, அரசுப் பள்ளிகளுக்கு 'செயின்ட் கயும்பா' என்று பெயர் சூட்டியவர்களும் அவர்கள்தான்.

விளைவு தெரிய அதிக நாள் ஆகவில்லை. 2011வாக்கில் உவேஸோ என்ற அமைப்பு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்த்தது (இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் 'அசர்' கணக்கெடுப்பைப் பார்த்துத் தொடங்கியது இது). மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பத்தில் மூன்று பேரால்தான் இரண்டாம் வகுப்பு அளவுள்ள சுவாஹிலிக் கதையை வாசிக்க முடிந்தது. ஆங்கிலக் கதை என்றால் பத்தில் ஒருவர். 2012இல் ஃபார்ம் ஃபோர் தேர்வு, அதாவது நம்ம பதினோராம் வகுப்பு வயதுப் பிள்ளைகள் எழுதும் பொதுத்தேர்வு, எழுதியவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் தோல்வி. நாடே கொதித்தது, விசாரணைக் குழு போட்டார்கள், கடைசியில் அந்த முடிவையே ரத்து செய்து மறுபடி மதிப்பெண்ணைச் சரிக்கட்டி வெளியிட்டார்கள். தெர்மாமீட்டரை மாற்றினால் காய்ச்சல் இறங்குமா என்ன.

சரி, வகுப்புக்குள் என்னதான் நடக்கிறது? தான்சானியாவையும் சேர்த்து ஏழு ஆப்பிரிக்க நாடுகளில், சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். ஒரு பிள்ளைக்கு நாளைக்கு உண்மையாகக் கிடைக்கும் பாட நேரம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு, கால அட்டவணையில் இருப்பதில் பாதிதான். வாத்தியார்கள் ஓபி அடிக்கிறார்கள் என்று உடனே தோன்றும். ஆனால் வகுப்பில் இல்லாத ஆசிரியர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் பள்ளி வளாகத்துக்குள்ளேயேதான் இருந்தார்கள், வகுப்பில் மட்டும் இல்லை. நூறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்கும் அறை, நாலைந்து புத்தகம், பாடத்திட்டம் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது, பாதிப்பேருக்கு எழுத்தே தெரியாது. அந்த அறைக்குள் போக மனசு வராமல் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதரைத் திட்டுவது சுலபம். அது நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் அவரைத் திட்டினால் அந்த அறை மாறாது.

பணம் கொடுத்தால் மாறுமா? அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அரசின் திட்டப்படி ஒரு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 10,000 ஷில்லிங் பள்ளிக்கு வரவேண்டும். இந்தத் தொகையை நிர்ணயித்தபோது அது சுமார் 10 டாலர். பணவீக்கத்தில் ஷில்லிங் சரிந்து, 2016இல் அதே 10,000 ஷில்லிங் ஐந்து டாலர்கூடப் பெறவில்லை. அதுவும் முழுசாகப் பள்ளிக்கு வந்து சேருவதில்லை (இங்கே நீங்கள் சொன்ன ஊழலும் உண்டு, தாமதமும் உண்டு, வேறு செலவுக்குத் திருப்பிவிடுவதும் உண்டு). 2013, 2014இல் 350 பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. சில பள்ளிகளுக்கு இந்தத் தொகையை நேராக, முழுசாகக் கொடுத்தார்கள். சில பள்ளிகளில் பிள்ளை தேர்ச்சி பெற்றால் ஆசிரியருக்கு ஊக்கத்தொகை. சில பள்ளிகளுக்கு இரண்டும். பணம் மட்டும் போன பள்ளிகளில் புத்தகம் வாங்கினார்கள், செலவு ஏறியது, பிள்ளைகளின் வாசிப்பு, கணக்கு எதுவும் ஏறவில்லை. இரண்டும் சேர்ந்து போன இடத்தில் நன்றாகவே ஏறியது. அதாவது புத்தகம் இருந்தால் போதாது, அதை வைத்துப் பாடம் நடத்த வாத்தியாருக்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் மட்டும் இருந்தால் போதாது, கையில் புத்தகம் வேண்டும். இது கேட்க சாதாரணமாக இருக்கும், ஆனால் உதவி கொடுக்கும் நாடுகள் இருபது வருஷம் இதில் ஒன்றை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தன.

இப்போது என் பார்வையில் மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், வெளியில் அதிகம் பேசப்படாததும் இதுதான். மொழி.

தான்சானியாவில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும் சுவாஹிலியில். ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும். ஏழாவது முடித்து ஃபார்ம் ஒன்னுக்குள், அதாவது எட்டாவதுக்குள், நுழைந்த நாள் முதல் சுவாஹிலிப் பாடத்தைத் தவிர எல்லாம் ஆங்கிலம். உயிரியல், வரலாறு, கணக்கு, புவியியல், தேர்வுத்தாள், எல்லாம். ஏழு வருஷம் கட்டியதை விட்டுவிட்டு வேறு மனையில் முதல் மாடி கட்டச் சொல்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு இது மூன்றாவது மொழி: வீட்டில் சுகுமா, கோகோ, மாசாய் என்று ஒரு மொழி, பள்ளியில் சுவாஹிலி, இப்போது ஆங்கிலம். பள்ளி வளாகத்தில் சுவாஹிலி பேசினால் தண்டனை என்ற வழக்கமும் உண்டு. அந்தத் தண்டனையைக் கொடுக்கும் வாத்தியாரும் பாடத்தைப் புரியவைக்கச் சுவாஹிலிக்குத்தான் தாவுவார், அவருக்கு வேறு வழி இல்லை.

தார் எஸ் சலாமில் நான் வேலை பார்த்த காலத்தில், பக்கத்து வீட்டில் ஃபார்ம் டூ படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று கேட்டால் ஆங்கிலத்தில் நோட்டில் இருக்கும் நாலு வரியை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பாள். சரி, வீட்டுக்குள் நிழலில் வைத்த செடி ஏன் வெளுத்துப்போகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டால், அதே நாலு வரி. சுவாஹிலியில் கேட்டால், வெயில் இல்லாமல் எப்படிச் சமைக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். பாடம் அவளுக்குத் தெரியும். தேர்வு அதைக் கேட்கவில்லை.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. 1984இலேயே பிரிட்டிஷ் நிபுணர்கள் இருவர் பள்ளிகளைச் சோதித்து, மாணவர்களின் ஆங்கிலம் இருக்கும் நிலையில் உயர்நிலைப் பள்ளிகளில் கல்வி என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே 1982இல் மக்வேட்டா தலைமையிலான அரசுக் குழு, உயர்நிலையிலும் சுவாஹிலியைக் கொண்டுவரச் சொன்னது. அரசு மறுத்துவிட்டது. யார் அரசு? ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்த அதே நியெரேரேவின் அரசு. ஆங்கிலம்தான் உலகத்தின் சுவாஹிலி, அதை விட்டுவிடக்கூடாது என்பது அவர் வாதம். பிறகு பிரிட்டன் ஆங்கிலப் பாடத்தை மேம்படுத்த நிதி கொடுத்தது, நிதி வந்ததும் மொழி மாற்றப் பேச்சு அமுங்கிவிட்டது. 2015இல் வெளியான கல்விக் கொள்கை சுவாஹிலியை மேலேயும் கொண்டுபோகக் கதவைத் திறந்தது, நடைமுறையில் உயர்நிலை இன்னும் ஆங்கிலத்தில்தான். இத்தனைக்கும் நாடாளுமன்றம் சுவாஹிலியில் விவாதிக்கிறது, 2021இல் சட்டம் திருத்தி நீதிமன்ற மொழியையும் சுவாஹிலி ஆக்கிவிட்டார்கள். நீதிபதி தீர்ப்பு எழுதலாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை மட்டும் அதே மொழியில் உயிரியல் எழுதக்கூடாது.

பெற்றோர்கள்தான் ஆங்கிலம் கேட்கிறார்கள் என்று அமைச்சர்கள் சொல்வார்கள். உண்மைதான், கேட்கிறார்கள். அங்கேயும் 'இங்கிலீஷ் மீடியம்' என்றே சொல்கிறார்கள், நம்ம ஊர் தெரு மாதிரியே விளம்பரப் பலகை. நல்ல வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், அவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் ஆங்கிலத்தை நன்றாகக் கற்றுக்கொள்வதும், தெரியாத ஆங்கிலத்தில் மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொள்வதும் வேறு வேறு. கென்யாவில் இதற்கு ஒரு தெளிவான சாட்சி இருக்கிறது: கிராமப் பள்ளிகளுக்கு இலவசப் பாடப்புத்தகம் கொடுத்துப் பார்த்தார்கள், வகுப்பின் சராசரி மதிப்பெண் அசையவே இல்லை, ஏற்கெனவே முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் மட்டும் இன்னும் முன்னேறினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, மற்றவர்களால் அதை வாசிக்கவே முடியவில்லை. அந்த ஆய்வில் இருந்த பொருளாதார அறிஞர் மைக்கேல் கிரெமர் பிறகு 2019இல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்.

சுவாஹிலியால் நாட்டுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியெரேரே காலம் வெறும் தோல்வி என்று ஆகிவிடும். 120க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் உள்ள நாடு. கென்யாவின் பூசியா, தான்சானியாவின் மேயட்டு என்று இரண்டு மாவட்டங்களை எட்வர்ட் மிகெல் என்ற பொருளாதார அறிஞர் ஒப்பிட்டார். பூசியாவில் பல இனத்தவர் கலந்து வாழும் ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கு வசூல் ஆவது குறைவு, கட்டடம் மோசம். நம்ம ஆளுக்கு இல்லாத பள்ளிக்கு நான் ஏன் கொடுக்கணும் என்ற மனநிலை. மேயட்டுவில் அந்த வித்தியாசமே தெரியவில்லை, கலந்து வாழும் ஊரும் ஒரே இன ஊரும் ஒரே மாதிரி பள்ளியைக் கவனித்துக்கொண்டன. ஒரே மொழி, ஒரே பாடத்திட்டம், இனத்தைப் பேசாத அரசியல் எல்லாம் இருபது முப்பது வருஷம் ஊறியதன் பலன் என்பது அவர் முடிவு. 2007 தேர்தலுக்குப் பிறகு கென்யாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இனக் கலவரத்தில் செத்தார்கள் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. வளர்ச்சிக் கணக்கில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

பெண் பிள்ளைகளின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் சிக்கல் ஒன்றும் இல்லை, அநியாயம் மட்டும்தான் இருந்தது. கர்ப்பமான மாணவியைப் பள்ளியிலிருந்து நீக்குவது பல பத்தாண்டுகள் நடைமுறை. 2017இல் அதிபர் மகுஃபுலி, என் ஆட்சியில் அப்படிப்பட்டவர்கள் திரும்பி வரவே முடியாது என்று மேடையில் சொன்னார். அதே மகுஃபுலிதான் ஃபார்ம் ஃபோர் வரை கட்டணத்தை ஒழித்தவர், பெஞ்ச் இல்லாத பள்ளிகளுக்குப் பெஞ்ச் செய்ய வைத்தவர். அவர் இறந்த பிறகு, 2021 நவம்பரில் சாமியா சுலுஹு ஹசன் அரசு அந்தத் தடையை நீக்கியது.

இனி வளர்ச்சி. படித்தால் வேலை கிடைக்கும் என்பதில் ஒரு சின்ன விடுபடல் இருக்கிறது: வேலை இருக்க வேண்டும். தான்சானியாவின் தெற்கே ம்த்வாரா பக்கம் முந்திரி விளைகிறது. 1970களில் உலக வங்கிக் கடனில் அங்கே பன்னிரண்டு முந்திரி ஆலைகள் கட்டினார்கள், பெரும்பாலானவை மூடிப்போயின. இன்றுவரை முந்திரியின் பெரும்பகுதி ஓடு உடைக்காமல் கொட்டையாகவே கப்பல் ஏறி இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகிறது. கொல்லத்து ஆலைகளிலும் நம்ம பக்கத்து ஆலைகளிலும் பெண்கள் உட்கார்ந்து உடைக்கும் கொட்டைகளில் ம்த்வாரா கொட்டையும் உண்டு. ம்த்வாராவில் ஃபார்ம் ஃபோர் முடித்த பையனுக்கு அந்த வேலை, அதற்கு மேல் மேஸ்திரி, கணக்கர், மெக்கானிக் வேலை, எதுவும் ஊரில் இல்லை. அவன் தார் எஸ் சலாமுக்கு வந்து மச்சிங்கா ஆவான், அதாவது தெருவில் சாமான் விற்பவன், அல்லது 'போடா போடா' என்ற வாடகை பைக் ஓட்டுவான். இதைப் பார்க்கும் தம்பி, ஏழாவதுக்கு மேல் எதற்கு என்று நினைப்பதில் என்ன தப்பு? வேலை இருக்கிற இடத்தில் படிப்புக்குத் தேவை தானாக வரும், படிப்பை மட்டும் கொடுத்துவிட்டு வேலை தானாக வரும் என்று காத்திருந்தால் வராது. எல்லோருக்கும் ஆரம்பக் கல்வி என்ற முதல் பாதியை நியெரேரே சரியாகப் பிடித்தார், இரண்டாம் பாதியில்தான் சறுக்கினார்: உயர்நிலைப் பள்ளி இடங்களை வேண்டுமென்றே மிகக் குறைவாக வைத்தார், பொருளாதாரத்தையும் கோட்டைவிட்டார். பக்கத்து கென்யாவில் ஊர் மக்களே காசு போட்டு 'ஹராம்பே' உயர்நிலைப் பள்ளிகளைக் கட்டினார்கள், தரம் முன்னே பின்னே இருந்தாலும் 1980களில் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் தேவையான ஆட்கள் அங்கே அதிகம் கிடைத்தார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கணக்கு இருக்கிறது. 1967 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தான்சானியாவில் 1.23 கோடிப் பேர். 2022இல் 6.17 கோடி. பத்தில் நாலு பேருக்கு மேல் 15 வயதுக்குக் கீழே. ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தைவிட அதிக வகுப்பறை, அதிக ஆசிரியர் வேண்டும், இருக்கும் தரத்தில் நிற்பதற்கே. ஆனால் இப்போது ஆசிரியர் பயிற்சி முடித்த ஆயிரக்கணக்கான பேர் வேலைக்காகக் காத்திருக்கிறார்கள், பள்ளிகளிலோ ஒரு ஆசிரியருக்கு ஐம்பது பிள்ளைகளுக்கு மேல். ஆள் இருக்கிறது, தேவை இருக்கிறது, சம்பளத்துக்கு பட்ஜெட்டில் இடம் இல்லை.

எதுவுமே நடக்கவில்லையா என்றால், நடக்கிறது. 2015இல் முதல் இரண்டு வகுப்புகளின் பாடத்திட்டத்தைச் சுருக்கி, வாசிப்பு, எழுத்து, கணக்கு இந்த மூன்றுக்கே பெரும்பகுதி நேரம் என்று மாற்றினார்கள். அலங்காரம் இல்லாத, செலவும் அதிகமில்லாத மாற்றம், பலன் தெரிந்தது. பக்கத்து சாம்பியாவில் பிரதமின் முறையை எடுத்து, பிள்ளைகளை வயதுப்படி இல்லாமல் எந்த அளவு வாசிக்கிறார்கள் என்று பார்த்துக் குழுவாகப் பிரித்து தினமும் கொஞ்ச நேரம் பாடம் நடத்துகிறார்கள், அதை அரசே ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. கென்யாவில் 'டுசோமே' என்று நாடு முழுக்க ஒரு வாசிப்புத் திட்டம் நடத்தினார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புத்தகம், ஆசிரியருக்கு அன்றன்றைய பாடக் குறிப்பு, கூடவே வந்து பார்த்துத் திருத்தும் பயிற்றுநர். இவை எல்லாம் முதல் மூன்று வகுப்புகளைப் பிடித்துக்கொள்ளும் வேலைகள், என்னைக் கேட்டால் பணம் முதலில் போகவேண்டிய இடம் அதுதான்.

சென்னை ஐ.ஐ.டி. 2023இல் தான்சானியாவின் தீவுப் பகுதியான சான்சிபாரில் ஒரு வளாகம் திறந்திருக்கிறதே, அது உதவுமா என்று யாராவது கேட்பீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். நல்ல விஷயம்தான், இயக்குநராக ப்ரீத்தி அகலாயம் பொறுப்பேற்றார், ஐ.ஐ.டி.க்களிலேயே முதல் பெண் இயக்குநர். ஆனால் அங்கே சேருவதற்கு முதலில் ஃபார்ம் ஒன்னில் ஆங்கிலத்தில் மூழ்காமல் கரையேறியிருக்க வேண்டும், செயின்ட் கயும்பா பிள்ளைகளில் அப்படி ஏறுபவர்கள் குறைவு. உயர்கல்விக்கு ஒரு டாலர், ஒன்றாம் வகுப்புக்கு ஒரு டாலர் என்று இருந்தால் நான் இரண்டையும் ஒன்றாம் வகுப்பில்தான் போடுவேன். இதை ஏற்காதவர்கள் இருப்பார்கள், ஆசிரியருக்கே ஆசிரியர் வேண்டுமே, பொறியாளர் இல்லாமல் ஆலை எப்படி வரும் என்பார்கள். அந்த வாதத்திலும் பொருள் இருக்கிறது, முந்திரி ஆலைக்கும் பொறியாளர் வேண்டும்தானே. வேறு நாட்டைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், எத்தியோப்பியாவும் ருவாண்டாவும் முற்றிலும் வேறு கதை. ருவாண்டா 2008இல் ஒரே முடிவில் பயிற்று மொழியைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியதற்கே தனியாக ஒரு பதில் எழுத வேண்டும்.